இடது காலுக்கு வேலை உண்டா?

பாம்பனில் 1914-ல் திறந்த ரயில் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். கப்பல் வந்தால் நடுவில் இருக்கும் இரண்டு இறக்கைகளும் மேலே எழுந்து வழி விடும். தூக்கியது எது? மோட்டாரா, நீராவியா? ஊஹூம்... மனுஷர்கள்தான் சார்! ஆட்கள் நின்று, லீவரைப் பிடித்து, கடல் காற்றில் வேர்த்து விறுவிறுத்துச் சுற்றச் சுற்ற, பாலம் மெல்ல வாயைத் திறக்கும். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தார்கள். இதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே லிப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது. எல்லாம் மோட்டார் சமாசாரம். ஆட்களுக்கு வேர்ப்பதில்லை.

ஆக, மேனுவலிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாற பாம்பனுக்கே 111 வருஷம் ஆகியிருக்கிறது. ராமநாதபுரத்து வாசகர் ஒருவர், அதே முடிவை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்தாக வேண்டும், உடனே பதில் போடுங்கள் என்று எழுதியிருக்கிறார்!

விஷயம் இதுதான். வாசகருக்கு வயது 36. ஆபீஸ் உத்தியோகம். பத்தாவது படிக்கும்போதிலிருந்து ஒரே ஆசை... இரண்டே சீட் உள்ள, கூரையைத் திறந்து மூடுகிற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். புதுசு வாங்க வேண்டுமானால் சேதுபதி ராஜாவிடம்தான் கடன் கேட்க வேண்டும். ஆகவே பழசு. 2008 மாடல், ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. சென்னையில் இருப்பது ஆட்டோமேட்டிக், ஒன்பது லட்சம். கோயம்புத்தூரில் இருப்பது கியர் வண்டி, பதினொன்றரை லட்சம். பத்து வருஷ சேமிப்பு கையில் இருக்கிறது. எதை வாங்க?

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் மச்சான் சொல்கிறாராம்: "இந்தக் காலத்துல எவன் மாப்ளே கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டு இருக்கான்? ஆட்டோமேட்டிக்கை எடு. மிச்சம் ரெண்டரை லட்சத்துல ஊரையே சுத்தலாம்."

அரசு பஸ்ஸில் டிரைவராக முப்பது வருஷம் ஓட்டி ரிட்டயர் ஆன அப்பா சொல்கிறாராம்: "கியர் இல்லாத வண்டி ராட்டினம்டா. கியர் வண்டியா வாங்கு."

கடிதத்தின் கடைசியில், 'பி.கு.' போட்டு ஒரு வரி: 'அப்பாவுக்கு இடது முட்டியில் ஆபரேஷன் ஆகி நாலு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அவர் வண்டி ஓட்டவில்லை.'

இந்தப் பி.கு.வைக் கொஞ்சம் பத்திரமாக எடுத்து வையுங்கள். பிறகு தேவைப்படும்.

* * *

முதலில் ஒரு மூடநம்பிக்கையைப் போக்கி விடலாம். 'ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கியர் வண்டிதான், ஆட்டோமேட்டிக் என்பது வயசானவர்களுக்கு' என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். அமெரிக்காவின் அருமைப் புதல்வன் என்று கொண்டாடும் செவர்லே கார்வெட், 1953-ல் முதன்முதலாக 300 கார்கள் வெளியே வந்தபோது அத்தனையும் ஆட்டோமேட்டிக்! அதுவும் இரண்டே இரண்டு ஸ்பீடு. கியர் லீவர் போட்ட கார்வெட் 1955-ல்தான் வந்தது.

போர்ஷே கம்பெனி 1967-ல் 'ஸ்போர்ட்டோமேட்டிக்' என்று ஒரு அரைகுறை அதிசயத்தைக் கொண்டுவந்தது. கியர் லீவர் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. லீவரில் கை பட்டாலே கிளட்ச் தானாக விலகிக் கொள்ளும். நல்ல ஐடியாதான். ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு, ஓட்டும்போது இடது கையை கியர் லீவர் மேல் சும்மா வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டே... அவர்கள் ஓட்டினால் எஞ்சின் 'ஙொய்ங்' என்று அலறும், வண்டி கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கும்.

1989-ல் ஃபெராரி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்பு வைத்து, விரலால் தட்டி கியர் மாற்றும் பெட்டியை ஃபார்முலா ஒன்றுக்குக் கொண்டுவந்தது. முதல் ரேஸ் பிரேசிலில். ஓட்டியவர் நைஜல் மான்ஸல். வண்டி எப்படியும் பாதியில் நின்றுவிடும் என்று நம்பி, சீக்கிரமாகக் கிளம்பும் விமானத்தில் ஊருக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தாராம் மனுஷர். ஆனால் அவர்தான் ஜெயித்தார்! அதற்கப்புறம் அதே சீசனில் அதே வண்டி பல ரேஸ்களில் நடுவழியில் நின்று, டிக்கெட் போட்டதை நியாயப்படுத்தியது வேறு கதை.

இன்றைக்கு அந்தத் துடுப்புதான் எங்கும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நம்ம அஜித்குமாரின் டீம் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அந்த போர்ஷேயிலும் விரலால்தான் கியர் மாற்றம்.

மச்சான் கட்சி ஜெயித்துவிட்டது போலத் தெரிகிறதா? அவசரப்படாதீர்கள். இப்போது வரும் ஸ்போர்ட்ஸ் கார்களின் ஆட்டோமேட்டிக்கும், இருபது முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டோமேட்டிக்கும் பெயரில்தான் சொந்தம். பழைய ஆட்டோமேட்டிக் எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு, அதற்கு நேர் எதிரே ப்ளக் சொருகாத இன்னொரு ஃபேனை வையுங்கள். முதல் ஃபேனின் காற்றில் இரண்டாவதும் சோம்பலாகச் சுற்ற ஆரம்பிக்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக் கொண்டால் அதுதான் டார்க் கன்வர்ட்டர். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய்தான் மாமா வேலை பார்க்கிறது. வழுக்கிக்கொண்டு, மென்மையாக... கொஞ்சம் சக்தியைச் சூடாக வீணடித்துக் கொண்டு.

வித்தியாசம் எவ்வளவு? 1996-ல் வந்த முதல் போர்ஷே பாக்ஸ்டரை எடுத்துக் கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் போக, கியர் வண்டிக்கு 6.9 வினாடி. அதே எஞ்சின், ஆட்டோமேட்டிக் என்றால் 7.6 வினாடி. கம்பெனியே சொன்ன கணக்கு. ஜெர்மனியில் இந்த 0.7 வினாடிக்காகக் குடும்பத்தில் சண்டையே நடக்கும். ராமநாதபுரத்தில்? பாரதி நகர் ஸ்பீடு பிரேக்கரில் எல்லோரும் சமம்.

* * *

அடுத்த வாதம், 'கியர் மாற்றுகிற சுகம்.' நிஜம்தான், மறுக்கவில்லை. எஞ்சின் பாடுகிற சமயம் பார்த்து, காலும் கையும் சேர்ந்து ஒரு தாளக்கட்டில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, வளைவில் திரும்புகிற சுகம் இருக்கிறதே... கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே குடியிருப்பவர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'கியர் வண்டி' என்று தந்தி அடித்திருப்பேன்.

ஆனால் நம்ம மாவட்டம்? பரமக்குடி தாண்டினால் ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். வளைவு என்று இருப்பதெல்லாம் கல்யாண மண்டப வாசலில் வைக்கிற வரவேற்பு வளைவுதான். மலை வேண்டுமென்றால் ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் இருக்கிறது. பெயரில் பர்வதம், உண்மையில் ஒரு மணல் மேடு. டாப் கியரில் போட்டால் மண்டபம் வரை லீவருக்கு லீவு விட்டுவிடலாம். ஆடு குறுக்கே வந்தால் உண்டு.

ஒரே ஒரு விதிவிலக்கு. பாம்பன் ரோடு பாலம். 1988 அக்டோபர் 2-ம் தேதி ராஜீவ் காந்தி திறந்து வைத்தது. இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதற்கு முன்னால் ராமேஸ்வரத்துக்கு ரயிலை விட்டால் படகுதான். கப்பல் போக வழி வேண்டுமென்று நடுவில் பாலத்தை மேடாகத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நம்ம ஊர் 'மலைப்பாதை' அதுதான். தை அமாவாசை, ஆடி அமாவாசை, நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு... அந்த மேட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். முன்னால் இருப்பவர் காரை நிறுத்திவிட்டு (நிறுத்தக் கூடாது என்று போர்டு இருக்கும்) ரயில் பாலத்தோடு போட்டோ எடுத்துக் கொண்டிருப்பார். நீங்கள் ஏற்றத்தில் அரைக் கிளட்ச், ஹேண்ட் பிரேக், மறுபடி அரைக் கிளட்ச் என்று பரதநாட்டியம் ஆட வேண்டும். பின்னால் அரை அடி விட்டு ஒரு டூரிஸ்ட் பஸ். ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச் சாதாரண காரைவிட அழுத்தமாகவே இருக்கும். அந்த அரை மணி நேரத்தில், ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர் முந்திரி சாப்பிட்டுக் கொண்டிருப்பார்.

ஆக, வேகத்தில் பெரிய வித்தியாசமில்லை. சுகத்துக்கு ரோடு இல்லை. பாலத்தில் ஆட்டோமேட்டிக்தான் ராஜா. இப்படிப் பார்த்தால் சென்னை வண்டிக்கு இன்றே அட்வான்ஸ் கொடுத்துவிடலாமே?

கொடுக்காதீர்கள். இவ்வளவு நேரம் பேசியது, வண்டி ஓடும் நாளைப் பற்றி. பழைய வண்டி வாங்குகிறவன் யோசிக்க வேண்டியது, அது நிற்கும் நாளைப் பற்றி.

* * *

தனுஷ்கோடியை நினைத்துக் கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி புயல் ஊரை வாரிக்கொண்டு போன பிறகு, அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே ஒழுங்கான ரோடு கிடையாது. மணலிலும் தண்ணீரிலும் வேன்கள்தான் மூச்சுத் திணறி ஓடிக்கொண்டிருந்தன. 2017-ல்தான் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. இரண்டு பக்கமும் கடல். கூரை திறந்த காரில் போவதற்கு இதைவிட ஒரு ரோடு தமிழ்நாட்டில் இல்லை. வாசகரின் இருபது வருஷக் கனவும் இந்த ரோட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

சாயங்காலம். கூட்டத்தை வெளியே அனுப்பிக் கொண்டிருக்கிறார்கள். அரிச்சல்முனையில் சாவியைத் திருகுகிறீர்கள். 'டிக்.' மறுபடி, 'டிக்.' பேட்டரி படுத்துவிட்டது.

கியர் வண்டி என்றால்? பக்கத்தில் வலை பிரித்துக் கொண்டிருக்கும் நாலு பேரை "அண்ணே, கொஞ்சம் கை குடுங்க" என்றால் போதும். இக்னிஷனைப் போட்டு, கிளட்ச்சை மிதித்து, இரண்டாவது கியரில் வைத்துக் கொள்ளுங்கள். தள்ளுகிற வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விடுங்கள். ஒரு குலுக்கல்... வண்டி உயிர் பெற்றுவிடும். (பேட்டரியில் சொட்டுக்கூட மிச்சமில்லை என்றால் இது பலிக்காது. கொஞ்சம் உயிர் வேண்டும்.)

ஆட்டோமேட்டிக் என்றால்? நாலு பேர் என்ன, நாற்பது பேர் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. எண்ணெயை அழுத்தித் தருகிற பம்ப்பை எஞ்சின்தான் ஓட்ட வேண்டும். எஞ்சின் தூங்கினால் பம்ப்பும் தூங்கும். பம்ப் தூங்கினால் உள்ளே ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளாது. ஜம்பர் கேபிளோடு இன்னொரு வண்டி வந்தால் பிழைத்தீர்கள்.

சரி, வேறு கோளாறு. இழுத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு லோடு வேன்காரர் கயிறோடு வருகிறார். கியர் வண்டி என்றால் நியூட்ரலில் போட்டு மெல்ல வரலாம். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் ஓடாமல், எஞ்சின் திருப்புகிற சக்கரங்கள் தரையில் உருள உருள, உள்ளே எண்ணெய் போகாமல் கியர் பாக்ஸ் தேயும். கயிறு கட்டி இழுத்த வகையில், சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிடும். வண்டியை அப்படியே தூக்கி ஏற்றிக்கொள்கிற பிளாட்பெட் லாரி வரவேண்டும். அங்கிருந்து மதுரைக்கு 190 கிலோமீட்டர் இருக்கும்.

ஏன் மதுரை? அதுதான் அடுத்த விஷயம். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மாதக்கணக்கில் ஜாடை காட்டும். மேட்டில் இழுக்காது, வாசனை வரும். 'தேய்ந்துவிட்டேன்' என்று கடிதம் எழுதாத குறை. பார்ட்ஸ் மட்டும் வந்து சேர்ந்தால் போதும். கை சுத்தமான உள்ளூர் மெக்கானிக் இறக்கி மாற்றிவிடுவார். அவருக்கு லாரி கிளட்ச்சும் ஒன்றுதான், உங்கள் சீமைக் கிளட்ச்சும் ஒன்றுதான். பழைய ஆட்டோமேட்டிக் அப்படி இல்லை. உள்ளே பல்சக்கரங்கள் சூரியனைச் சுற்றும் கிரகங்கள் மாதிரி சுற்றுகின்றன. நடுவே அடுக்கடுக்காகக் கிளட்ச் தகடுகள், எறும்புப் புற்று மாதிரி எண்ணெய் வழிகள், எலெக்ட்ரிக் வால்வுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்ப்யூட்டர். இதைத் திறந்து மறுபடி சரியாக மூடத் தெரிந்தவர்கள் பெரிய ஊர்களில்தான். சில சமயம் ரிப்பேர் பில், வண்டியின் விலையைத் தோளில் கை போட்டுக் கூப்பிடும்.

இதோடு நம்ம ஊரின் ஸ்பெஷல் அயிட்டம் இருக்கிறது... உப்புக் காற்று. துருப் பிடிப்பதில் பாம்பனுக்கு உலக அளவில் பெயர். புதுப் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் கம்பியும் விசேஷ பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். நம்ம மீனவர்கள் ஃபைபர் வல்லத்துக்கு மாறியது சும்மா இல்லை. உங்கள் காருக்கு அந்த யோகமில்லை, அது இரும்பு. ஆட்டோமேட்டிக் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய், பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு உள்ளேயே ஓடும். அரித்து அரித்து அந்தக் குழாய் உள்ளுக்குள் ஓட்டையானால், ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் சிவப்பு நிறம். தண்ணீர் கலந்தால் என்ன ஆகும் தெரியுமா? அசல் ரோஸ் மில்க்! நிறம் மட்டும்தான் அழகு. அந்த ரோஸ் மில்க்கில் கொஞ்சம் ஊறினாலே தகடுகளின் மேல்பூச்சு உரிந்து கியர் பாக்ஸ் காலி.

மச்சான் சொன்னது துபாய்க்குச் சரி. அங்கே தெருவுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் மெக்கானிக். மணலில் ஓட்டுவதற்குக்கூட ஆட்டோமேட்டிக்தான் நல்லது. வேகம் அறுபடாமல் இழுக்கும், கிளட்ச் கருகாது. ஆனால் அவர் லீவு முடிந்து ஃப்ளைட் ஏறிவிடுவார். வண்டி ராமநாதபுரத்தில் இருக்கும். (மணல் என்றதும் ஞாபகம் வருகிறது. தரைக்கும் வண்டிக்கும் நடுவே சாண் இடைவெளிகூட இல்லாத காரை, எந்த கியர் பாக்ஸாக இருந்தாலும், தார் ரோட்டைவிட்டு இறக்காதீர்கள்!)

சென்னை வண்டி ஏன் இரண்டரை லட்சம் மலிவு என்று இப்போது புரிகிறதா? அது தள்ளுபடி இல்லை. வரப்போகும் ரிப்பேரை உங்கள் தலையில் கட்ட, இப்போதே கொடுக்கும் முன்பணம். ஆக, 2008 மாடல், ராமநாதபுரம், ஒரே ஒரு சேமிப்பு... இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் பதில், கியர் வண்டி.

* * *

இப்போது அந்தப் பி.கு.

முப்பது வருஷம். அந்தக் காலத்து பஸ் கிளட்ச்சைப் பார்த்திருக்கிறீர்களா? பெடலை மிதிப்பது என்பது பாதி எழுந்து நிற்பது. ஸ்டாப்புக்கு ஸ்டாப், ட்ரிப்புக்கு ட்ரிப், ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை? அந்த முட்டியில்தான் உங்கள் ஸ்கூல் ஃபீஸ், காலேஜ் ஃபீஸ் எல்லாம் தேய்ந்திருக்கிறது.

அப்பேர்ப்பட்டவர், இடது காலால் இனிமேல் கிளட்ச் மிதிக்க முடியாதவர், "கியர் வண்டியா வாங்கு" என்கிறார். யோசித்துப் பாருங்கள். கியர் மேல் இருக்கிற பிரியத்தில் மட்டும் சொல்லவில்லை. 'ஓட்டப் போறது நீதான், நான் இல்லை' என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நீங்கள் அந்த விஷயத்தைப் பி.கு.வில் போட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் முதல் வரியில் போட்டிருப்பேன்... இல்லை, தபால்காரர் கண்ணில் படுகிற மாதிரி கவர் மேலேயே எழுதியிருப்பேன்.

நீங்கள் கேட்ட கேள்வி 'எந்த கியர் பாக்ஸ்' என்பது. கேட்க வேண்டிய கேள்வி 'டிரைவர் சீட்டில் யார் யார்?' ஞாயிற்றுக்கிழமை காலையில், ரோடு காலியாக இருக்கிற நேரத்தில், பாலம் வரைக்கும் அப்பா ஓட்டி நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டென்றால், கணக்கே வேறு. ஆட்டோமேட்டிக்குக்கு வலது கால் ஒன்று போதும். இடது முட்டி சும்மா மடங்கிக் கிடக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காக, நான் மேலே சொன்ன அத்தனை தலைவலியையும் தெரிந்தே வாங்கலாம். மிச்சமாகும் இரண்டரை லட்சத்தில் ஊர் சுற்றாமல், வங்கியில் 'கியர் பாக்ஸ் நிதி' என்று போட்டுவைத்து வாங்கலாம்.

ஆனால் ஒரு சின்னப் பரீட்சை. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக இருக்கும். அதில் 'ஏறுவது' கிடையாது, இறங்குவதுதான், கிணற்றில் இறங்குகிற மாதிரி. உட்காருவதாவது விழுந்துவிடலாம். எழுந்திருக்கிறதுதான் ஆபத்து. ஆபரேஷன் ஆன முட்டிக்கு, கிளட்ச்சைவிடப் பெரிய எதிரி அந்தத் தாழ்வான சீட். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். "சும்மா உட்கார்ந்து பாருங்கப்பா" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து, கை கொடுக்காமல் தள்ளி நின்று, அவர் எப்படி எழுந்திருக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

சுளுவாக எழுந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஆட்டோமேட்டிக்.

முகத்தைச் சுளித்தால், கதவைப் பிடித்துக்கொண்டு மூன்று தவணையில் எழுந்தால், அந்த இரண்டு வண்டியும் அவருக்கானது இல்லை. கோயம்புத்தூர் கியர் வண்டியை உங்களுக்கென்று வாங்குங்கள். கையில் கொஞ்சம் சேர்ந்ததும், அவருக்கு உயரமான சீட் உள்ள ஒரு சின்ன செகண்ட் ஹேண்ட் வண்டி பாருங்கள். 2014-ல் மாருதி செலெரியோவில் ஆரம்பித்து, ஏ.எம்.டி. என்ற ஒன்று நம் நாட்டில் வந்துவிட்டதே... கியர் பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும் சாதாரண கியர் வண்டியில் உள்ளதுதான். மிதிப்பதையும் மாற்றுவதையும் மட்டும் ஒரு குட்டி மோட்டார் பார்த்துக்கொள்ளும். அப்பாவிடம் கொடுக்கும்போது மட்டும் ஆட்டோமேட்டிக் என்று சொல்லாதீர்கள். "உள்ளே கியர் இருக்குப்பா, மாத்தறதுக்கு ஒரு க்ளீனர் பையன் இருக்கான்" என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

* * *

எதை வாங்கினாலும் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவை:

விடியற்காலையில் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? நீங்கள் வருமுன் வண்டியை ஓட்டி 'வார்ம் அப்' பண்ணி வைத்திருக்கிறார்கள். பழைய வண்டியின் வியாதியெல்லாம் குளிரில்தான் வெளியே வரும். 'நாளைக்கு வருகிறேன்' என்று திரும்பிவிடுங்கள்.

கியர் வண்டியில், டாப் கியரில் ஐம்பதில் போகும்போது ஆக்ஸிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் பிளேட் போச்சு. இரண்டாவது கியர் விழும்போது 'கர்ர்' என்றால், உள்ளே இருக்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. இரண்டையும் சொல்லி விலையைக் குறையுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில், பிரேக்கை மிதித்துக்கொண்டு பார்க்கிலிருந்து ரிவர்ஸ், ரிவர்ஸிலிருந்து டிரைவ் போடுங்கள். ஒரு நொடியில் வண்டி லேசாகச் சிலிர்க்க வேண்டும். இரண்டு மூன்று நொடி யோசித்தால் வேண்டாம். எண்ணெயைக் காட்டச் சொல்லுங்கள். (சில வண்டிகளில் பார்க்கும் குச்சியே வைத்திருக்க மாட்டார்கள், லிப்ட்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். காசு கொடுத்தாவது ஏற்றுங்கள்.) சிவப்பாக இருந்தால் சரி. காபி டிக்காஷன் நிறத்தில் கருகின வாசனை அடித்தால் வேண்டாம். ரோஸ் மில்க் என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடி வந்துவிடுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடானதும் கியர் மாறும்போது முதுகில் குத்துகிறதா என்று பாருங்கள்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. 2008 வண்டிக்கு 15 வருஷம் தாண்டியாயிற்று. ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால், கியர் பாக்ஸ் நன்றாக இருந்தும் வண்டி ஷெட்டில்தான்.

வாங்கிய பிறகு, ராமேஸ்வரம் போய்வந்த ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பக்கம் வரை அடித்துக் கழுவுங்கள். கோயிலில் 22 தீர்த்தம் ஆடிவிட்டு வருகிறவர், காருக்கு ஒரு தீர்த்தம்கூட ஆடவில்லையென்றால் நியாயமா?

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் அப்பாவை உட்காரவைத்துப் பாருங்கள். வண்டி ஓனர் அதற்குக்கூடச் சம்மதிக்காத ஆசாமியாக இருந்தால், அந்த வண்டியே வேண்டாம்.